காட்டுவதன் அறம்

சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் தொடங்கியது. அதன்பின் 'வயலும் வாழ்வும்' போன்ற நிகழ்ச்சிகளின் வழியே காமிரா நிலையத்தின் சுவர்களை விட்டு வெளியேறி, வரப்பிலும் களத்துமேட்டிலும் நடக்கப் பழகியது. இன்று அது வள்ளத்தில் ஏறிக் கடலுக்குள் செல்கிறது. நள்ளிரவில் கடற்கரை மணலில் நின்று வானத்தை நோக்குகிறது. பகலில் மீன்பிடி, இரவில் விண்மீன் என்று இரண்டையும் இணைத்துத் தயாரிக்கப்படும் ஒரு வெளிப்புற நிகழ்ச்சியைக் காண யாருக்குத்தான் ஆவல் இராது?

காண்பவருக்கு அது இன்பம். காட்டப்படுபவருக்கு அது என்ன? வலை இழுக்கும் மனிதரின் முகத்தையும், அவர் தம் தந்தையிடம் கற்ற கடலறிவையும், அவர் தலைக்குமேல் விரிந்திருக்கும் இருளையும் எடுத்து வந்து நம் வீட்டுக் கூடத்தில் வைப்பவருக்கு என்ன கடமை இருக்கிறது? 'உண்மையாக இருந்தால் எதையும் காட்டலாம்' என்பது பலரும் கூறும் விடை. அந்த விடை போதுமானதுதானா என்பதையே இங்கே சிந்திக்க விழைகிறோம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று சிலர் வினவலாம். நம் மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. ஆனால் கடல் இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் அதனை உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளத்தால் அடித்துவரப்பட்டு, கடலின் அடியில் மணலும் களியும் மூடிக் கல்லான மரம் அது. அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறைகளில் சுருள் வடிவ அம்மோனைட்டுகளும் கிளிஞ்சல்களும் இன்றும் காணக்கிடைக்கின்றன. நம் ஊர்ச் சிமெண்டு ஆலைகள் அரைத்துத் தருவது அந்தப் பழங்கடலின் படிவையே. கடலின் தரையில் குடியிருந்துகொண்டு, கடலைத் திரையில் மட்டும் காண்பவர்கள் நாம். ஆதலால், அத்திரையில் வருவது எப்படி வருகிறது என்று கேட்கும் பொறுப்பு மற்றவர்களைவிட நமக்கு அதிகம்.

முதலில் உண்மையைப் பற்றிப் பார்ப்போம். அயர்லாந்தின் மேற்கே அரான் தீவுகளில் ராபர்ட் ஃபிளாகர்ட்டி என்பவர் 1934-இல் வெளிவந்த 'மேன் ஆஃப் அரான்' என்னும் படத்தை எடுத்தார். சிறு படகில் சென்று பெருஞ்சுறாவை ஈட்டியால் வேட்டையாடும் காட்சி அப்படத்தின் சிகரம். ஆனால் அந்த வேட்டையை அத்தீவினர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கைவிட்டிருந்தனர். படத்துக்காக அவர்களுக்கு அது மீண்டும் கற்பிக்கப்பட்டது. படத்தில் கணவன், மனைவி, மகன் என்று வரும் மூவரும் உண்மையில் ஒரே குடும்பத்தினர் அல்லர். பொங்கும் அலைகளுக்கு நடுவே அவர்கள் படகு தத்தளித்ததோ நடிப்பன்று. வெனிஸ் திரைப்பட விழாவில் அப்படம் பரிசு பெற்றது.

ஃபிளாகர்ட்டியின் சார்பிலும் சொல்வதற்கு உண்டு. மறைந்துபோன ஒரு தொழிலைப் பேரப்பிள்ளைகள் காணும்படி செய்தார் என்று வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. 'இது முன்னோர் செய்தது; இன்று செய்துகாட்டுகிறோம்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் குறை பெரிதும் நீங்கியிருக்கும். ஆனால் சில நிமிடக் காட்சிக்காக மனித உயிரைக் கொந்தளிக்கும் கடலில் நிறுத்தியதை எந்த வரியும் நேர்செய்யாது. கடலுக்குச் செல்வதா வேண்டாமா என்று காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து முடிவெடுப்பவர் மீனவர். 'இன்னும் சற்றே பெரிய அலை வந்தால் நன்றாயிருக்கும்' என்று படக்குழு கேட்கும்போது, முடிவெடுக்கும் உரிமை அறியாதவர் கைக்கு மாறிவிடுகிறது. பணம் வாங்கிவிட்டோமே என்ற தயக்கத்தில் மீனவரும் மறுக்கமாட்டார். வெளிப்புறப் படப்பிடிப்பின் முதல் அறம் இங்கேதான் சோதிக்கப்படுகிறது.

விண்மீன் காட்சியிலும் உண்மைக்கு ஒரு சோதனை உண்டு. இரவு வானத்தைப் படமெடுக்க வேண்டுமானால், முக்காலியில் காமிராவை அசையாமல் நிறுத்தி, அதன் கண்ணைப் பதினைந்து, இருபது வினாடிகள் திறந்துவைக்க வேண்டும். ஆடும் படகில் இது இயலாது. ஆகவே வள்ளத்தில் அமர்ந்து மேலே நோக்கும் மீனவரின் முகத்தை அடுத்துத் திரையில் தோன்றும் வானம், பெரும்பாலும் கரையிலோ மலையிலோ வேறோர் இரவில் எடுக்கப்பட்டதாகும். அதில் தெரியும் பால்வெளியின் நிறங்களும் மனிதக் கண்ணுக்குத் தெரிபவை அல்ல; நெடுநேரம் ஒளியைச் சேர்த்து வைத்ததால் தோன்றியவை. இதைச் செய்வது பாவமென்று நாம் கூறவில்லை. செய்ததைச் சொல்லாமல் விடுவதே பிழை. அதைக் கண்டுவிட்டு நிமிர்ந்து தன் வானத்தைப் பார்க்கும் சிறுவன், 'இவ்வளவுதானா?' என்று ஏமாறுவான். உண்மையான வானத்தின்மீது அவனுக்கு அலட்சியம் பிறக்கும்.

உண்மையைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்ததா? இல்லை என்றே கருதுகிறோம். உண்மையாக இருந்தும் காட்டத் தகாதவை உண்டு.

கன்னியாகுமரிக் கரையின் மீனவர்களிடம் 'கணிச்சம்' என்றொரு கலை இருக்கிறது. கடலடியில் மீன் தங்கும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். மேலே நீர் எங்கும் ஒன்றுபோலவே தெரியும். பார் இருக்கும் இடத்தை எப்படி அறிவது? கரையில் உள்ள ஓர் ஆலயக் கோபுரமும் அதற்குப் பின்னே தொலைவில் உள்ள ஒரு மலைமுகடும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி படகை நிறுத்துவார்கள். வேறொரு திசையில் மற்றும் இரண்டு அடையாளங்களையும் அவ்வாறே இணைப்பார்கள். இரு கோடுகளும் சந்திக்கும் இடமே பார். இந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது, எல்லாரிடமும் கூறப்படுவதில்லை. அது அவர்களுடைய வைப்புநிதி. அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் நிலம்.

இப்போது காமிரா அந்த வள்ளத்தில் ஏறுகிறது. கோபுரமும் மலையும் ஒரே சட்டத்துக்குள் மிக அழகாகவே அமையும். அல்லது வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவியின் திரை ஒரு நொடி தெரியும். அதில் இடத்தின் எண்கள் மின்னும். காட்டியது முழுக்க உண்மை. ஆயினும் மறுவாரம் அந்தப் பாரைத் தேடி, பெரிய இயந்திரங்கள் பூட்டிய படகுகள் வந்து நிற்கக்கூடும். படக்குழு தன் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு சென்றுவிடும். அந்த மீனவர் அங்கேயே இருந்தாக வேண்டும். பொய் சொல்லாமலேயே ஒருவரின் வாழ்வாதாரத்தைப் பறிக்க இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அறிவை எடுத்துக்கொண்டு அறிந்தவரை மறந்துவிடுவது புதிய பழக்கமுமன்று. நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் இதற்குச் சாட்சி. கடலில்லாத அவ்வூரைத் தலைநகராகக் கொண்ட இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல்கடந்து கடாரமும் ஸ்ரீவிசயமும் வென்றான். அவனது மெய்க்கீர்த்தி, வென்ற ஊர்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கூறுகிறது. விண்மீனையும் காற்றையும் பார்த்துக் கப்பல்களை அங்கே கொண்டுசேர்த்த கடலோடிகளின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. 1850-இல் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர், சோழமண்டலக் கரையின் மாலுமிகள் கையாண்ட எளிய கருவிகளைப் பற்றி எழுதினார். சிறு மரப்பலகையும் முடிச்சுகள் இட்ட கயிறும் கொண்டு துருவ விண்மீனின் உயரத்தை அளந்து, எந்தத் துறைமுகத்துக்கு நேராக வந்திருக்கிறோம் என்று அவர்கள் அறிந்தனர். எழுதியவரின் பெயர் நமக்குக் கிடைத்தது. முடிச்சுப் போட்டவரின் பெயர் கிடைக்கவில்லை. இன்றைய நிகழ்ச்சிகளிலும் தொகுப்பாளரின் பெயர் பெரிய எழுத்தில் வருகிறது. வழிகாட்டிய முதியவர் வெறும் 'மீனவர் ஒருவர்' ஆகிவிடுகிறார்.

மூன்றாவதாக இருளைப் பற்றிச் சிந்திப்போம். ஒளி நல்லது, இருள் தீயது என்றே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். கடலும் வானமும் வேறு பாடம் கற்பிக்கின்றன. கண் இருளுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம் தேவை. ஒரே ஒரு விளக்கின் வீச்சு அதை நொடியில் கெடுத்துவிடும். படப்பிடிப்புக்கென்று கொளுத்தும் விளக்கு, காட்ட வந்த வானத்தையே மறைத்துவிடுகிறது. கடலுக்குள்ளும் இதே கதைதான். எல்.இ.டி. விளக்குகளின் பேரொளியால் மீன்கூட்டங்களைக் குஞ்சும் குளுவானுமாக ஈர்த்து வாரிக்கொள்ளும் முறையை 2017-ஆம் ஆண்டு நவம்பரில் நடுவணரசு தடை செய்தது. மீனுக்கு இருள் ஓர் அடைக்கலம் என்பதை அரசாணையே ஒப்புக்கொண்டது எனலாம். 2022-இல் லடாக்கின் ஹான்லே பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காட்டையும் பறவையையும் காப்பதுபோல இருளையும் காக்கவேண்டிய காலத்துக்கு நாம் வந்துவிட்டோம்.

பாரின் இரகசியமும் இரவின் இருளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டும் வெளிச்சம் படாதிருப்பதால் வாழ்பவை. காட்டவேண்டும் என்ற ஆசை நல்லதாயினும், காட்டும் செயலே காட்டப்படுவதை அழிக்குமாயின், அங்கே கையை நிறுத்திக்கொள்வதே அறம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மறைப்பதை எல்லாம் மதிக்கவேண்டும் என்றால், தவறு செய்பவரும் மறைவைக் கேட்பாரே? தடைசெய்யப்பட்ட வலையை வீசுபவரும், மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாள்களில் கடலுக்குச் செல்பவரும் காமிராவை விலக்கத்தானே செய்வர்? மேலும், கடலோர மக்களின் துயரும் திறமும் வெளியே தெரியாமலிருந்ததால் அவர்கள் இழந்தவை கொஞ்சமா? இந்த மறுப்பை நாம் ஏற்கிறோம். பிறருக்குத் தீங்கு செய்வதை மூடும் மறைவுக்கு மரியாதை இல்லை. நாம் காக்கச் சொல்வது, எளியவர் தம் வாழ்வைத் தாங்கப் பிடித்திருக்கும் மறைவை. இவ்விரண்டையும் பிரித்தறிய, அங்கே வாழ்பவரோடு கலந்து பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

அவர்களே பேசத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' என்னும் சமுதாய வானொலி 2016-இல் ஒலிக்கத் தொடங்கியது. தூத்துக்குடியிலும் மூக்கையூரிலும் மீனவ இளைஞர்கள் தம் கையில் காமிராவை ஏந்தி, கடலில் தாங்கள் செய்வதைத் தாங்களே யூடியூபில் காட்டுகிறார்கள். காட்டப்படுபவரும் காட்டுபவரும் ஒருவராகும்போது பல அநீதிகள் நீங்குகின்றன. ஆயினும் கேள்வி முற்றிலும் தீர்வதில்லை. தன் பாரைக் காட்டுபவர் தன் அண்டை வள்ளத்தாரின் பாரையும் சேர்த்தே காட்டிவிடலாம் அல்லவா? ஆகையால் யார் கையில் காமிரா இருந்தாலும் இந்த எச்சரிக்கை அவசியம்.

அப்படியாயின் என்ன செய்வது? கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள நம் ஏலாக்குறிச்சியை நினைத்துப் பார்ப்போம். 1710-இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் அங்கே தங்கிப் பணியாற்றினார். அவருடைய தேம்பாவணி 1726-இல்தான் நிறைவுற்றது. இந்த மண்ணைப் பற்றி, இந்த மண்ணின் மொழியில் பேசுவதற்கு முன் அவர் நெடுங்காலம் மாணவராயிருந்தார். படக்குழுவினரிடம் பதினைந்து ஆண்டுகளை நாம் கேட்கவில்லை. பதினைந்து நாள்களாவது காமிராவைத் திறக்காமல் கரையில் இருந்து, மீனுக்கும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அம்மக்கள் வழங்கும் சொற்களைக் கற்கட்டும். 'எதைக் காட்டலாம்?' என்று கேட்பதற்கு முன் 'எதைக் காட்டக்கூடாது?' என்று கேட்கட்டும். தொகுத்து முடித்ததை ஒளிபரப்புமுன் அவர்களுக்கே போட்டுக்காட்டி, வேண்டாம் என்பதை நீக்கட்டும். கற்பித்தவரின் பெயரை, அவர் விரும்பினால், சொல்லட்டும். வரும் வருவாயில் அவருக்கும் ஒரு பங்கு தரட்டும்.

பார்ப்பவராகிய நமக்கும் கடமை உண்டு. எல்லாவற்றையும் காட்டவேண்டும் என்று நாம் கேட்பதால்தான் எல்லாம் காட்டப்படுகிறது. 'இந்த இடத்தை மீனவர்கள் வேண்டியபடி மறைத்திருக்கிறோம்' என்று திரையில் ஒரு வரி வந்தால், ஏமாற்றமடையாமல் அதை ஏற்கும் மனம் நமக்கு வேண்டும்.

துருவ விண்மீன் ஓர் இடத்தில் எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, அதுவே ஏறத்தாழ அவ்விடத்தின் அட்சரேகை. அரியலூரும் பூம்புகாரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் அமைந்தவை. ஆகவே இங்கே வடக்கே அடிவானத்துக்குமேல் 11 பாகை உயரத்தில் மங்கலாய்த் தெரியும் அதே விண்மீன், அங்கே வலையோடு காத்திருக்கும் மீனவருக்கும் அதே உயரத்தில் தெரிகிறது. அதை நமக்குக் காட்ட எந்தக் காமிராவும் தேவையில்லை. வாசல் விளக்கை அணைத்துவிட்டுச் சற்றுநேரம் பொறுத்திருந்தால் போதும்.