முதலைக்கு வேண்டியது கரை

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில், பாசனத்துக்காகவும் வெள்ளத்தைத் தடுக்கவும் 1957-இல் அமராவதி அணை கட்டப்பட்டது. சின்னாறும் தேனாறும் பாம்பாறும் வந்து சேரும் அந்த நீர்த்தேக்கம் சதுப்புநில முதலைகளுக்கும் நல்ல இருப்பிடமாயிற்று. தமிழ்நாட்டில் அவை இயற்கையாக முட்டையிட்டுப் பெருகும் முக்கியமான இடங்களில் இது ஒன்று.

தோலுக்காகக் கொன்று கொன்று நாடெங்கும் இந்த இனம் அருகிப்போயிருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1975-இல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அமராவதி நகரில் முதலைப் பண்ணை வந்தது. அணைக்கரைக் குழிகளிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்து, குட்டிகளை வளர்த்து, பெரிதானதும் காட்டு நீர்நிலைகளில் விட்டார்கள். முட்டையை உடும்பும் நரியும் காட்டுப்பன்றியும் தின்றுவிடும். குட்டியைப் பறவைகளும் பெரிய மீன்களும் விடுவதில்லை. அந்த ஆபத்தான பருவத்தைப் பண்ணை தாண்டவைத்தது.

ஆனாலும் கரையின் அருமை முட்டையில்தான் தெரிகிறது. மாசி, பங்குனியில் தாய் மேடான மண்ணில் குழி தோண்டி, இருபது முப்பது முட்டைகள் இட்டு மூடுகிறது. குட்டி ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது குழியின் வெப்பம். 31 டிகிரி வரை எல்லாம் பெண், 32.5 டிகிரியை ஒட்டினால் பெரும்பாலும் ஆண். நிழலும் வெயிலும் கலந்த சரிவுகள் வேண்டும் என்பது இதனால்தான். ஏறக்குறைய இரண்டு மாதத்தில், பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை அணையை நிரப்புவதற்கு முன்பே, முட்டைக்குள்ளிருந்து குட்டிகள் குரல் கொடுக்கின்றன. தாய் குழியைத் தோண்டித் திறந்து, குட்டிகளை வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டுபோகிறது. தந்தையும் இப்படிச் சுமப்பதைச் சென்னையை அடுத்த வடநெம்மேலி முதலைப் பண்ணையில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத செய்தி இது.

தொட்டியில் முதலை வளர்ப்பது இன்று பெரிய காரியமில்லை. வடநெம்மேலியில் இடம் போதாமல் இனப்பெருக்கத்தையே கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. வளர்த்ததைக் கொண்டுபோய் விடுவதற்கு இடம் வேண்டுமே! மணலை அள்ளிவிட்டு, நீர் விளிம்பு வரை உழுதுவிட்ட ஆற்றில் முதலை எங்கே குழி தோண்டும்? ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த அமராவதிக் கரை, என் கணக்கில், பண்ணையைவிடப் பெரிய சொத்து.

பண்ணைக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலை உடல் சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கிறது. உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கல்லெறியாதீர்கள். கோடையில் காட்டுப்பக்கக் கரையில் இறங்காதீர்கள். முட்டைக் குழிகள் அங்கேதான் இருக்கின்றன.