வீட்டை விற்கும் உரிமையும் விற்பவர் கடமையும்

ஒரு கடையை மூடும்போது நாம் என்ன செய்கிறோம்? இருப்பு எடுக்கிறோம். வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் பேரேட்டில் நேர் செய்கிறோம். கடையில் நின்ற பையன்களுக்குச் சம்பளப் பாக்கி இருந்தால் தீர்க்கிறோம். பாக்கி வைத்துவிட்டுக் கப்பலேறியவர் என்ற சொல் நம் பிள்ளைகளைத் தொடரக்கூடாதே என்று அஞ்சுகிறோம். ஆனால், நாற்பது ஐம்பது ஆண்டுகள் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு புறப்படும்போது அப்படி ஒரு கணக்கை எழுதுகிறோமா? இது நாம் ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஈப்போவில் இக்கேள்வி புதியதல்ல. ஈயத்தால் எழுந்த நகரம் இது. 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபின் கிந்தாப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும், ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் சென்றனர். பெற்றோர் முதுமையில் பிள்ளைகளிடம் போய்ச் சேருகின்றனர். சிலர் தமிழகத்தில் சொந்த ஊருக்கே திரும்புகின்றனர். இரண்டிலும் வீடு விலைக்கு வருகிறது. போகாதே என்று யாரும் தடுப்பதற்கில்லை. வந்து பிழைத்த நமக்கு, போய்ப் பிழைப்பதும் வழக்கந்தான்.

வீடு நம்முடையது, நிலப்பட்டா நம் பெயரில் இருக்கிறது, விற்க உரிமை உண்டு என்கிறோம். உண்மைதான். ஆயினும் உரிமை முடிகிற இடத்தில் கடமையும் முடிந்துவிடுகிறதா?

இதற்கு விடை வேண்டுமானால் நம் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களை நினைத்துப் பார்க்கவேண்டும். 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அதன்பின் வந்த தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினர். 1950களில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறத் தொடங்கினர். உள்நாட்டு வணிகக் கூட்டுகள் அவற்றை வாங்கித் துண்டுதுண்டாக்கி மறுபடி விற்றன. இதையே தோட்டத் துண்டாடல் என்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸீஸ் தனியே ஆராய்ந்து எழுதவேண்டிய அளவுக்கு அது பெரிய துன்பமாயிற்று.

அந்த விற்பனையில் சட்டப்படி என்ன குற்றம்? ஒன்றுமில்லை. நிலம் விற்றவருடையது, விலை கொடுத்தவர் வாங்கினார். ஆனால் அந்த நிலத்தின்மேல் லயங்கள் இருந்தன. லயங்களில் மனிதர்கள் இருந்தார்கள். கோயில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, புதைத்த இடம் இருந்தது. பத்திரத்தில் இவற்றுக்கு ஒரு வரியும் இல்லை. ஐம்பது ஆண்டு குடியிருந்தவனுக்கு விற்பதற்கு ஒரு செங்கல்லும் சொந்தமில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமான 1969ஆம் ஆண்டுக்குப்பின் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினார்களே, அவர்களில் எத்தனை பேரிடம் விற்க ஒரு வீடு இருந்தது? விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடும் வாய்ப்பே ஒரு பாக்கியம் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர். துண்டாடலுக்கு விடையாக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் நிறுவினார். தோட்டந்தோறும் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. விற்பனையைத் தடுக்காமல், குடியிருந்தவர்களையே வாங்குவோராக்கிய வழி அது. விற்கிறவர் குடியிருப்பவரை முதலில் கேட்டிருந்தால் எத்தனை கண்ணீர் மிச்சமாகியிருக்கும்!

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாம் செலுத்தவேண்டிய பாக்கி மூன்று பேருக்கு உண்டு.

முதலாவது, வாங்குகிறவர். கூரை ஒழுகுவதும் கரையான் அரிப்பதும் மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் நிற்பதும் நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சுவருக்கு வெள்ளையடித்துக் குறையை மறைத்தால் விலை கூடலாம். ஆனால் குறையை மறைத்து விற்ற வியாபாரத்தில் பரக்கத் நீங்கிவிடும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அரிசி மூட்டைக்கு நாம் ஒப்புக்கொள்ளும் இந்த நியதி வீட்டுக்கு மட்டும் பொருந்தாதா?

இரண்டாவது, இரத்த உறவு. அத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ உண்டு. புறப்படும் அவசரத்தில், "உனக்கு எதற்கம்மா இந்த அலைச்சல், கையெழுத்துப் போட்டுவிடு" என்று தங்கையிடம் காகிதத்தை நீட்டுகிறோம். அண்ணன் மனம் கோணக்கூடாதென்று அவளும் போட்டுவிடுகிறாள். அது விட்டுக்கொடுத்தலா, அல்லது கூச்சத்தால் வாய் மூடியதா? பராயிள் பங்கை முதலில் எண்ணி அவள் கையில் கொடுங்கள். பிறகு அவள் மனமுவந்து திருப்பித் தந்தால்தான் அது நன்கொடை. கொடுக்காததை அவள் எப்படித் திருப்பித் தரமுடியும்?

மூன்றாவது, அந்த வீட்டை நம்பி இருப்பவர். கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், பின்கட்டில் படுத்துறங்கும் பழைய கடையாள், இருபது ஆண்டு பக்கத்தில் வாழ்ந்தவர். மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை உடன்பாட்டை நில அலுவலகப் பதிவேட்டில் குறிப்பாக ஏற்றவில்லையென்றால், வீட்டை வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது என்பது 1965இல் இயற்றப்பட்ட தேசிய நிலச் சட்டத்தின் நிலை. ஆகவே நாம் வாய்விட்டுச் சொன்னாலன்றி அவர்களுக்குப் பாதுகாப்பில்லை.

இங்கே ஒரு வியாபாரி நம்மை மறிப்பார். "நானும் வெளிநாட்டில் ஒரு கூரை தேடவேண்டியவன். குடியிருப்பவனுக்காக விலையைக் குறைத்தால் என் முதுமைக்கு யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. நம் பதில் இதுதான்: விலையைக் குறைக்க வேண்டியதில்லை, நாளைக் கூட்டினால் போதும். சந்தை விலையை அவரிடமே முதலில் சொல்லுங்கள். பக்கத்திலுள்ளவருக்கு முன்னுரிமை தரும் ஷுஃப்ஆ என்ற முறை நம் ஃபிக்ஹுக்குப் புதிதல்ல. அதன் சட்ட எல்லை எதுவாயினும் அதன் உள்ளக்கருத்து அண்டையாரை மறவாதிருப்பதே. அவரால் முடியாவிட்டால் ஆறு மாதத் தவணை கொடுங்கள். வாங்குகிறவரிடம் அதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

தவணை கொடுக்க நேரம் வேண்டும். நேரம் வேண்டுமானால் முன்கூட்டியே தொடங்கவேண்டும். இதில் பணக் கணக்கும் உண்டு. இரட்டைக் குடியுரிமையை நம் நாடு ஏற்பதில்லை. 2022 முதல், குடிமக்கள் ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் நிலச்சொத்து ஆதாய வரி இல்லை. குடியுரிமையை விட்டபின் விற்றால் ஆதாயத்தில் நூற்றுக்குப் பத்து கட்டவேண்டும். கடைசி மாதத்தில் ஓடுகிறவர் வரியிலும் இழக்கிறார், விலையிலும் இழக்கிறார், மனிதர்களையும் இழக்கிறார்.

எல்லாப் பாக்கியும் தீர்ந்தபின் ஒரு கடமை எஞ்சும். அது நமக்கு நாமே செய்துகொள்வது. ஹிஜ்ரத் செய்து மக்காவை விட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 630ஆம் ஆண்டில் வெற்றியுடன் திரும்பியபோது, எங்கே தங்குவீர்கள் என்று தோழர் கேட்டார். அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைத்தாரா என்பதே பதிலாக வந்தது. குடும்பத்து வீடுகள் கைமாறிப் போயிருந்தன. ஊரே கையில் வந்த நாளிலும் அவற்றைத் திரும்பக் கேட்காமல் கூடாரத்தில் தங்கினார்கள். அநியாயமாகப் போன வீட்டையே அப்படி விட்டார்களென்றால், விலை வாங்கிக்கொண்டு விற்ற வீட்டுக்காக நாம் ஆயுள் முழுதும் ஏங்குவது தகுமா?

சகோதரர்களே, அந்த வாசலில் அத்தாவின் ஜனாஸா இறங்கியது, மகளின் நிக்காஹ் நடந்தது. அவற்றை நாம் விற்கவில்லை, அவை நம்மோடு வரும். சாவியைக் கொடுக்கும் நாளில் வாங்கியவர், தங்கை, குடியிருந்தவர் மூவரும் வாசலில் வந்து நின்று ஸலாம் சொல்லி அனுப்பும்படி விற்றோமா என்பதுதான் கேள்வி. ஆம் என்று சொல்லமுடிந்தால் நம் பேரேடு நேராகிவிட்டது. தயங்காமல் புறப்படலாம்.