அடுத்தவன் துக்கம்

குழுச் சிகிச்சை என்றால் நம் எழுத்தாள நண்பர்கள் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். மேலைநாட்டுச் சரக்கு என்பது ஒன்று. நம்மிடம்தான் ஒப்பாரி இருக்கிறதே என்பது மற்றொன்று. இரண்டுமே யோசிக்காமல் சொல்லப்படுபவை. ஒப்பாரியில் யார் யாரைக் கட்டிக்கொண்டு அழலாம் என்பதை உறவுமுறை தீர்மானிக்கிறது. குழுவில் கூடுகிறவர்கள் அந்நியர்கள். சொன்னது மைத்துனன் காதுக்குப் போகாது என்ற தைரியத்தில்தான் அங்கே வாய் திறக்கிறது.

1905-ல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியம் போக வசதியில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டினார். ஓய்வு, காற்று பற்றி எல்லோருக்கும் மொத்தமாகச் சொல்லிவிடலாம் என்ற சிக்கனம். ஒருவரையொருவர் பார்த்ததிலேயே அவர்களுக்குத் தெம்பு வந்தது. இர்வின் யாலம் 1970-ல் வெளியிட்ட நூலில் இதைப் பகுத்துக் காட்டுகிறார். அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று 'எனக்கு மட்டுமில்லை' என்ற அறிதல். இன்னொன்று, பிறருக்கு உதவுவதில் தனக்கு வரும் குணம்.

முதலாவது என்னை உறுத்துகிறது. அடுத்தவனுக்கும் பிள்ளை செத்திருக்கிறது என்பதில் வரும் ஆறுதல் என்ன ஆறுதல்? கல்பாக்கத்தில் இது வெறும் தத்துவமில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்புக்குள்ளும் மீனவர் குப்பங்களுக்குள்ளும் கடல் புகுந்தது. பழைய கணக்கில் வாரிசுதாரர் பெயரை மாற்ற என் கவுண்டருக்கு இப்போதும் யாராவது வருவார்கள். 'அந்த வருஷம் போயிட்டாங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். க்யூவில் பின்னால் நிற்பவர் எதுவும் கேட்பதில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார்.

பேசவைத்தால் தீர்ந்துவிடும் என்பதும் மூடநம்பிக்கைதான். விபத்து நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையை 2002-ல் காக்ரேன் தொகுப்பாய்வு பரிசீலித்தது. அது பின்னால் வரும் மனக்காயத்தைத் தடுக்கவில்லை. ஒரு பரிசோதனையில் கூட்டியும் இருந்தது. அவை தனி ஆட்களிடம் நடந்தவை. ஆனாலும் குழுவில் சும்மா உட்கார்ந்திருக்க ஒருவனுக்கு உரிமை வேண்டும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், குடியை விட்டுச் சில மாதமே ஆன பில் வில்சன், வியாபாரம் கெட்டு ஒரு ஹோட்டல் கூடத்தில் நிற்கிறார். பக்கத்திலேயே மதுக்கூடம். அப்போது அவர் தேடியது இன்னொரு குடிகாரனை. அவனைத் திருத்த அல்ல, தான் பிழைக்க. கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். குடிநோயாளர் பெயரிலிக் கூட்டங்கள் அங்கிருந்துதான் தொடங்கின. இதைச் சுயநலம் என்று தள்ளிவிடலாம். ஆனால் தர்மவானிடம் வாங்குகிறவனுக்குக் கை கூசும். தன்னிடம் தேவையோடு வந்தவனிடம் ஸ்மித்துக்குக் கூச வேண்டியிருக்கவில்லை. அடுத்தவன் பிள்ளை செத்ததில் எனக்கு ஆறுதல் இல்லை. விளக்கிச் சொல்லாமலே என் சாவுவீடு அவனுக்குப் புரிவதில் இருக்கிறது, அவனுக்கு நான் வேண்டியிருப்பதிலும் இருக்கிறது.

குப்பத்துப் பெண்ணையும் அதிகாரியின் மனைவியையும் ஒரே வட்டத்தில் உட்காரவைக்க முடியுமா என்பது வேறு சங்கதி. ஒருத்தி நாற்காலியில் உட்காருவாள். மற்றவள், எத்தனை சொன்னாலும், தரையில்தான் உட்காருவாள்.