எளிதான மலை

சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. உச்சியில் ஒரு பாறையில் 163.63 மீட்டர் என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். உயரம் குறைவாக இருக்கும்போதுதான் சென்டிமீட்டரெல்லாம் முக்கியமாகிறது போல. டக்ஸ்டனில் நிற்கும் ஐம்பது மாடி வீவக கட்டடமும் கிட்டத்தட்ட இதே உயரம்தான். அங்கே லிஃப்ட் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் பியூட்டி வேர்ல்ட். நடுவில் மாற வேண்டியதில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அடிவாரம். பிறகு தார்ச்சாலை, சில இடங்களில் படிக்கட்டு, அரைமணி நேரத்தில் உச்சி. காலையில் தேக்காவில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மத்தியானம் பிரியாணிக்குத் திரும்பிவிடலாம். யாரைக் கேட்டாலும் 'ஈசி' என்பார்கள்.

இந்த 'ஈசி' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

படித்த படிப்பு சும்மா விடாது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுபது கிலோ உடம்பைக் கடல்மட்டத்திலிருந்தே 163 மீட்டர் தூக்கினாலும் அதற்கான வேலை ஏறக்குறைய 112 கிலோஜூல், அதாவது 27 கலோரி. நம் தசைகள் தின்பதில் முக்கால்வாசியை வெப்பமாக வீணடிப்பவை என்பதால் நாலால் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு வடை போதும். ஆக, நான் செய்யும் வேலை ஒரு வடை. சரிவைச் செதுக்கியது, தார் போட்டது, படி வைத்தது, ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியது எல்லாம் ஏற்கனவே யாரோ செய்து முடித்துவிட்டார்கள். அந்த மிச்சத்துக்குத்தான் நாம் 'எளிது' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மலையேறுகிறவர்களில் ஒரு கூட்டம் உண்டு. கஷ்டப்பட்டு ஏறாத மலையிலிருந்து பார்த்தால் அது காட்சியே இல்லை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. முட்டிவலி உள்ள பாட்டிக்கும் உச்சிக் காற்று வேண்டும். கால் வலியைக் கொடுத்து வாங்கும் பொருளா காட்சி? அப்படிப் பார்த்தால் மூட்டை சுமப்பவர்தான் உலகிலேயே அதிகம் பார்த்தவராக இருக்க வேண்டும்.

காட்சிக்காகவே மலை ஏறியவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கை இழுப்பார்கள். 1336 ஏப்ரலில் பிரான்சின் தென்பகுதியிலுள்ள வெண்டூ மலையில் ஏறி, அதைப் பற்றி ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார். கூட வந்த தம்பி நேராகச் செங்குத்தான வழியில் ஏறிப் போக, இவர் சுலபமான வழி தேடித்தேடித் தாழ்வான பக்கமே போய்க்கொண்டிருக்கிறார். கடைசியில் உச்சியில் உட்கார்ந்து அகஸ்டினின் நூலைத் திறக்கிறார். மனிதர்கள் மலையை வியக்கிறார்கள், தங்களைப் பார்க்க மறக்கிறார்கள் என்ற பொருளில் ஓர் இடம் கண்ணில் பட, வெட்கப்பட்டு வாயே திறக்காமல் இறங்குகிறார். வெளியே பார்ப்பதை விட்டு உள்ளே பார்க்கத் தொடங்கிய தருணம் என்று இதைக் கொண்டாடுவார்கள். அந்தக் கடிதத்தில் எனக்குத் தங்கிப்போனது வேறு. அண்ணனோடும் தம்பியோடும் ஆளுக்கொரு பணியாள் போயிருக்கிறார். அவர்களுக்குப் பெயர் இல்லை. உச்சியில் அவர்கள் என்ன பார்த்தார்கள் என்றும் இல்லை. வெளியே பார்த்த கண்ணுக்கும் உள்ளே பார்த்த கண்ணுக்கும் நடுவில், பக்கத்தில் நின்ற இருவர் விடுபட்டுப் போனார்கள்.

புக்கிட் தீமாவுக்குத் திரும்புவோம். குன்றை நோக்கிப் போகும் புக்கிட் தீமா சாலை எங்கே தொடங்குகிறது தெரியுமா? நம் தேக்கா முனையில்தான். 1840களில் அந்தச் சாலையைக் காட்டுக்குள் வெட்டிக்கொண்டு போனதில் பெரும்பங்கு இந்தியக் கைதிகளுடையது. 1825 முதல் 1873 வரை சென்னை, வங்கம், பம்பாய் மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள் இங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களை மேற்பார்த்த மக்நாயர் என்ற அதிகாரி 1899இல் வெளியிட்ட புத்தகத்தில் அவர்கள் செய்த வேலைகள் வரிசையாக வருகின்றன: சாலை, செங்கல், கல் உடைப்பு, செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். புலி அடிக்கக்கூட அனுப்பியிருக்கிறார்கள். செங்கல் சூளை சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்தது. அதே வட்டாரத்தைத் தமிழர்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று சொன்னதும் அங்கிருந்த சுண்ணாம்புச் சூளைகளால்தான். இன்று நாம் பூ வாங்கும் தெரு ஒரு காலத்தில் கட்டுமானப் பொருள் கிடங்கு.

குன்றின் உச்சியில் பெரிதாக எதுவும் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுற்றிலும் மரம், பக்கத்தில் தொலைத்தொடர்புக் கோபுரம். முதல் தடவை வருபவர்கள் பாறையோடு படம் எடுத்துக்கொண்டு, "இவ்ளோதானா?" என்று இறங்குவார்கள். உண்மையான காட்சி கீழே, அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஹிண்டிட் குவாரியில் இருக்கிறது. மரத்தட்டியில் போய் நின்றால் எதிரே செங்குத்தான கருங்கல் முகம், அடியில் பச்சை நீர். சத்தமே இருக்காது. டென்மார்க்கிலிருந்து வந்த பொறியாளர் ஒருவரின் பெயரைக் கொண்ட இடம் அது. குன்றைச் சுற்றி இப்படிப் பல குவாரிகள் இருந்தன. இந்தக் குன்றின் கல்லும் பூலாவ் உபின் தீவின் கல்லும்தான் 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்துக்குப் போயின. அங்கே நிற்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும்: வெட்டாமல் விட்டிருந்தால் இங்கே பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது. மலை கொடுக்காத காட்சியைக் காயம் கொடுத்திருக்கிறது.

இதையெல்லாம் நண்பன் ஒருவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "டேய், குழாயத் தொறந்தா தண்ணி வருது. அதுக்கும் யாரோ குழி வெட்டிருக்கான். ஒவ்வொரு தடவையும் அழுதுக்கிட்டா குளிப்ப? வேல செஞ்சான், கூலி வாங்கினான், கணக்கு முடிஞ்சுது." மலையேறிகளின் வாதத்தைவிட இது பலமானது. நாகரிகம் என்பதே முன்னால் வந்தவர்களின் உழைப்பை மறந்துவிட்டு மேலே நடப்பதுதான். மறக்கவில்லை என்றால் நடக்கவே முடியாது.

ஆனால் 'கணக்கு முடிஞ்சுது' என்று எப்போது சொல்லலாம்? முடியாது என்று சொல்ல வாய்ப்பு இருந்தவருக்குக் கூலி கொடுத்தால் சொல்லலாம். காலில் விலங்கோடு சாலை போட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அப்படியென்றால் பாக்கி இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது? கடன் கொடுத்தவர் இல்லை, வாரிசு யாரென்றும் தெரியாது. கொடுக்க ஆளில்லாத கடன் கடன்தானா? இந்த இடத்தில் பல நாள் சிக்கிக்கொண்டிருந்தேன்.

ஓரளவு வழி காட்டியது வாலஸ். பரிணாமக் கொள்கையில் டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். 1854இல் இந்தக் குன்றில் இரண்டு மாதம் போல வண்டு பிடித்திருக்கிறார். சுமார் 700 வகை. இவ்வளவு கிடைத்ததற்குக் காரணம் தன் கெட்டிக்காரத்தனம் என்று அவர் எழுதவில்லை. சீன மரவெட்டிகள் பல வருடங்களாக அங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், காய்ந்த இலையும் பட்டையும் மரத்தூளும் குவிந்து கிடந்தன, அதில் வண்டு பெருகியது என்று காரணத்தை அதற்குரிய இடத்தில் வைக்கிறார். அந்த மரவெட்டிகளுக்கு இதனால் காலணா பிரயோஜனம் இல்லை. அவரும் அவர்களுடைய பெயரை எழுதவில்லை. ஆனாலும் கணக்கைச் சரியாக எழுதியிருக்கிறார். இறந்தவர்களுக்கு நாம் தர முடிந்தது அதிகபட்சம் இதுதானோ என்று தோன்றுகிறது. பாவமன்னிப்பு வேண்டாம், நன்றி நவிலல் வேண்டாம், 'எளிது' என்று பொய் சொல்லாமல் இருந்தால் போதும். நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டில்கூட 'உபயம்' எழுதுவார்கள், வெளிச்சம் வராத அளவுக்கு. மலைக்கோயில் படிகளிலும் பெயர் வெட்டியிருக்கும். பணம் கொடுத்தவர் பெயர்.

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் இது போதாது. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியை 2014 செப்டம்பரில் மூடினார்கள். சரிவுகளை உறுதிப்படுத்தி, பாதைகளைச் சீர்செய்து, 2016 அக்டோபரில்தான் முழுமையாகத் திறந்தார்கள். இந்த ஊரில் இப்படிப்பட்ட வேலைகளை யார் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ்கோர்ஸ் சாலையில் நடந்தால் போதும். ஊரில் ஏஜண்டுக்குக் கட்டிய கடனோடு வந்தவரிடம் போய், "அண்ணே, உங்க உழைப்ப நான் மறக்கல" என்று சொன்னால் அதைவிடக் கேவலம் வேறில்லை.

நான் சிவில் பொறியாளர். என் மேசைக்கு வருவது எளிமைதான், ஆனால் இன்னும் ஆகாத எளிமை. காகிதத்தில் இருக்கும் எளிமை. ஒரு சரிவின் அடியில் வடிகால் வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 600 மில்லிமீட்டர் என்றால் கான்கிரீட் மிச்சம், தண்ணீருக்கும் அது போதும். ஆனால் உள்ளே இறங்கிக் கம்பி கட்டுபவர் திரும்ப முடியாது. குனிந்தபடியே முழு நாளும். 900 ஆக்கினால் அவர் நிமிர்ந்து நின்று முதுகை நீட்டலாம். அதன் மேல் நடக்கப்போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், தெரியவே தெரியாது. வாலஸின் நேர்மை இங்கே உதவாது. நடந்து முடிந்ததைச் சரியாக எழுதலாம். நடக்கப்போவதை மாற்றவே முடியும். அந்த 300 மில்லிமீட்டருக்கு யார் பணம் தருவது என்று கூட்டத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 600 போட்டால் யார் தருகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்டால்.

எங்கள் சைட்டில் வேலை செய்யும் நத்தம் பக்கத்து அண்ணன் ஒருவரோடு ஒரு ஞாயிறு புக்கிட் தீமா போனேன். சைட்டில் என்னை 'சார்' என்பவர், ரயிலில் நாலு நிறுத்தம் தாண்டியதும் 'தம்பி' ஆக்கிவிட்டார். உச்சிப் பாறையைப் பார்த்து, "எங்க ஊர்ல இதக் கரடுன்னுதான் சொல்வோம் தம்பி" என்றார். இறங்கி வந்து குவாரியைக் காட்டினேன். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெகுநேரம் கல் முகத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். சின்ன வயதில் ஊரில் இரண்டு வருடம் குவாரியில் இருந்தாராம். பிறகு கையை நீட்டி, "அந்தா, அந்த எடத்துல அடிச்சவன் எங்க கால வச்சிருப்பான்?" என்று கேட்டார். நானும் தேடினேன். கால் வைக்க இடமே தெரியவில்லை.

திங்கட்கிழமை நான் மறுபடி சார். வடிகாலை அகலப்படுத்தலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.