தகட்டைப் படி, தம்பி!

ஏற்காட்டுத் தலைச்சோலையிலிருந்து மலை இறங்கிச் சேலத்துப் பட்டறைக்கு வேலைக்குப் போகும் தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். பட்டி பார்க்கிறாய், எமரி தேய்க்கிறாய், ஸ்ப்ரே கன் பிடிக்கிறாய். பழைய அமெரிக்கக் கார் ஒன்று உள்ளே வந்துவிட்டால் மட்டும், "இதுக்கெல்லாம் படிச்சவன் வரணும்ணே" என்று ஒதுங்கி நிற்கிறாய். ஏன் ஒதுங்குகிறாய்? அந்தக் காருக்குக் கம்பெனி அடித்த நிறம் எது என்று அதன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரிந்த எவனுக்கும் அது சொந்தம்!

வா, படித்துக் காட்டுகிறேன். ஃபோர்டு மஸ்டாங்கா? ஓட்டுநர் கதவைத் திற. அமெரிக்க வண்டி, அதனால் இடது கதவு. விளிம்பில் ஒரு சின்னத் தகடு. நிறத்துக்கு ஒரே எழுத்து. 1965 வண்டியில் 'ஏ' கறுப்பு, 'எம்' வெள்ளை. 'டி' என்றிருந்தால் நிதானம்! 1965-இல் அது பச்சை. 1967-இல் அதே 'டி' நீலம். முதலில் வருஷம், பிறகுதான் எழுத்து.

1970 டாட்ஜா? பானெட்டைத் தூக்கு. இடப்பக்க மட்கார்டின் உட்புறத்தில் திருகி வைத்த தகட்டைக் கீழ்வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படிக்க வேண்டும். 'எஃப்.சி.7' என்றால் ஊதா. டாட்ஜில் அதற்குப் பெயர் பிளம் கிரேஸி, பிளைமவுத்தில் இன்-வயலட். பெயரைக் கண்டு மிரளாதே, குறியீட்டைப் பிடி!

தகடே துருவேறிப் போயிருக்கிறதா? கையை விரிக்காதே. சீட்டைக் கழற்று. டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடி. கதவு ரப்பரை உரி. வெயில் படாத இடத்தில் ஆதி நிறம் பதுங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத மூலை ஒன்றில் நைஸ் எமரியைத் தண்ணீர் தொட்டு வட்டமாகத் தேய். மேலே எவனோ அடித்த வெள்ளை, அதற்கடியில் இன்னொருவன் அடித்த மெரூன், அதற்கும் அடியில் பிரைமரை ஒட்டிக் கம்பெனி நிறம். மரத்தின் ஆண்டு வளையம்போல ஒவ்வொன்றாக வெளியே வரும். அதைப் பார்த்து எந்த அடுக்கு எது என்று சொல்ல உன்னை விட்டால் ஆள் யார்?

1914 முதல் 1925 வரை ஃபோர்டு மாடல் டி கார் கறுப்பில் மட்டுமே வந்தது. உலகம் அத்தோடு அடங்கிவிட்டதா? சீக்கிரம் காயும் டூகோ பெயின்ட்டை டூபான்ட் கம்பெனி கொண்டுவந்தது. அதைப் பூசிக்கொண்டு ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார் நீலத்தில் ஓடியது. உன் ஏற்காட்டு மலையடிவாரத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்துத் தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப் படத்தைக் கொடுத்தது. இந்த மண்ணுக்கா வண்ணம் வராது?

"எனக்குப் படிப்பில்லையே" என்கிறாயா? கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். அக்கக்காகப் பிரித்து மாட்டியே இயந்திரம் கற்றார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரிலேயே கார் அருங்காட்சியகம் இருக்கிறது. வருகிற லீவு நாளில் பஸ் ஏறு. பழைய வண்டிகளின் வளைவையும் நிறத்தையும் கண்ணால் குடி. திங்கட்கிழமை பட்டறைக்குள் நுழைந்ததும் முதலாளியிடம் நிமிர்ந்து நின்று கேள்: "அண்ணே, அந்த அமெரிக்க வண்டியை நான் பார்க்கிறேன்."