போயிட்டு வரேன்

எங்கள் வீட்டில் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு யாரும் வாசல் தாண்ட முடியாது. பால் வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் ‘போயிட்டு வரேன்’தான். தப்பித் தவறி ‘போறேன்’ என்று வாய் விட்டால் அம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள்: “வரேன்னு சொல்லிட்டுப் போடி.” தமிழில் போவதற்கும் சாவதற்கும் ஒரே வினைச்சொல் போதுமானதாக இருக்கிறது. ‘அவர் போயிட்டார்’ என்றால் எங்கே என்று பெரியவர்கள் யாரும் கேட்பதில்லை. நான்கு வயதுக் குழந்தை கேட்கும்.

2021 மே மாதம் என் அக்கா கொரோனாவில் இறந்தாள். அவள் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஆம்புலன்சில் ஏறிய அக்கா வீடு திரும்பவில்லை, அவள் உடலும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானம். மாமாவும் இரண்டு உறவினர்களும் கவச உடை போட்டுக்கொண்டு போய் வந்தார்கள். அன்று மாலை கூடத்தில் பேச்சு எழுந்தது: குழந்தைக்கு என்ன சொல்வது? அந்தப் பேச்சு ஐந்து நிமிடம்கூட நீளவில்லை. “ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிடுங்க. வளர வளரத் தானா புரிஞ்சிக்கும்” என்றார் பெரியப்பா. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

முடிவெடுத்தவர்கள் ஆண்கள். அதை நிறைவேற்றும் வேலை, அதாவது ஒவ்வோர் இரவும் விளக்கணைத்த பிறகு “அம்மா எப்ப வரும்?” என்ற கேள்விக்குப் பக்கத்தில் படுத்தபடி பதில் சொல்லும் வேலை, எனக்கும் என் அம்மாவுக்கும் வந்தது. பொய்யை ஒருமுறை சொன்னால் போதாது, தினமும் பராமரிக்க வேண்டும். எந்த ஊர்? ஏன் ஃபோன் பண்ணவில்லை? அம்மாவுக்குப் பிடித்த பச்சைச் சுடிதார் இங்கேயே கிடக்கிறதே, அங்கே எதை உடுத்திக்கொள்ளும்? பெண்களின் கணக்கில் வராத உழைப்பைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். ஒரு குடும்பத்தின் பொய்யைக் கட்டிக் காக்கும் உழைப்பை அந்தப் பட்டியலில் நான் பார்த்ததில்லை. பெற்ற மகளைப் பறிகொடுத்த என் அம்மா, பேத்திக்குக் கேட்காமல் அழுவதற்காகக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

என் சம்பள வேலையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் லேத்துப் பட்டறைகளோடு தொடங்கியது. இப்போது பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன. அப்படி ஒன்றில் எனக்கு வேலை. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு அடுத்த ஆண்டு எத்தனை பேர் சுற்றுலா போவார்கள் என்று கணிப்பதுதான் எங்கள் குழுவின் பணி. ஓட்டல்காரர்களுக்கும் விமான நிறுவனங்களுக்கும் அந்த எண்கள் வேண்டும். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொடுக்கும் முறைக்குப் பெயரே ‘நயீவ்’, அதாவது வெகுளிக் கணிப்பு. போன வருடம் ஜனவரியில் எவ்வளவோ, இந்த வருடம் ஜனவரியிலும் அவ்வளவே. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 2011இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் நூற்றுக்கணக்கான சுற்றுலாத் தரவுத்தொடர்களை வைத்துப் பல முறைகளைச் சோதித்தார்கள். ஆண்டுக் கணக்கைப் பொறுத்தவரை இந்த வெகுளி முறையை முந்துவது கடினமாகவே இருந்தது. வந்தவர்கள் வருவார்கள் என்று நம்பினால் பெரும்பாலும் தோற்பதில்லை.

2020 வந்தது. இந்தியாவுக்கு 2019இல் சுமார் 1.09 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்திருந்தார்கள். 2020இல் வந்தது 27 லட்சத்துச் சொச்சம். 2021–22இல் வெளிநாட்டுப் பார்வையாளர் எண்ணிக்கையில் தாஜ்மகாலை மாமல்லபுரம் முந்திவிட்டது என்று நம் ஊரில் பெருமையாகச் சொன்னார்கள். மாமல்லபுரத்துக்கு ஒரு லட்சத்து நாற்பத்து நான்காயிரத்துச் சொச்சம், தாஜ்மகாலுக்கு நாற்பதாயிரத்துக்கும் குறைவு. தாஜ் வெறிச்சோடிக் கிடந்ததைத்தான் அந்தப் பெருமை சொன்னது என்பதை யாரும் பேசவில்லை.

அக்கா இறந்த பன்னிரண்டாம் நாள் நான் மடிக்கணினியைத் திறந்தேன். வீட்டிலிருந்தே வேலை. வந்திருந்த பணி: பயணிகள் எப்போது திரும்பி வருவார்கள், மூன்று சூழல்களில் கணித்துக் கொடு. பகலெல்லாம் அந்தக் கேள்விக்கு விடை தேடினேன். இரவில் அதே கேள்வியைக் குழந்தை கேட்டாள். பகலில் நான் கொடுத்த எண்ணோடு கூடவே ஒரு பிழை வரம்பும் கொடுத்தேன், இவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்ற ஒப்புதலாக. இரவில் ஒரு வரம்பும் இல்லாமல் “சீக்கிரம் வரும்” என்றேன்.

குழந்தையின் கணிப்பில் தவறேதும் இல்லை. அம்மா அதற்கு முன் மூன்று முறை ஊருக்குப் போயிருக்கிறாள், மூன்று முறையும் திரும்பி வந்தாள். அவளும் வெகுளிக் கணிப்பைத்தான் பயன்படுத்தினாள், தரவைக் கெடுத்தவர்கள் நாங்கள்.

மரியா நாஜ் என்ற ஹங்கேரிய உளவியலாளர் புடாபெஸ்டில் மூன்று முதல் பத்து வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசி, அதை 1948இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் சாவை ஒரு பயணமாகவோ தூக்கமாகவோ பார்த்தார்கள். இறந்தவர் வேறெங்கோ வாழ்ந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அவர் பிரித்த வயதுப் படிகளைப் பின்னால் வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. 1984இல் ஸ்பீஸும் பிரென்டும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, சாவு என்ற கருத்தையே மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். இறந்தவர் மீளமாட்டார். இறந்த உடலுக்குப் பசியோ வலியோ பார்வையோ இல்லை. எல்லோரும் ஒருநாள் இறப்பார்கள். பெரும்பாலான குழந்தைகள் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் இவற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ‘ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்று நாங்கள் சொன்னது, குழந்தையின் வளரும் புத்தி எந்தக் கருத்தைத் தாண்டி வர முயல்கிறதோ அதே கருத்துக்குள் அவளைத் திரும்பத் தள்ளுவதாக இருந்தது. சாவைப் பயணம் என்று எண்ணும் வயதில், பெரியவர்கள் நாங்களும் ஆமாம் பயணம்தான் என்றோம். விளைவு? யார் பையைத் தோளில் மாட்டினாலும் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். மாமா ஆவடிக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு இரவு தாமதமாக வந்த அன்று, வாசலிலேயே உட்கார்ந்து தூங்கிப்போனாள். சாவைப் பற்றிய பயத்திலிருந்து அவளைக் காப்பாற்றப் போய், ஊர் என்ற சொல்லையே பயங்கரமாக்கிவிட்டோம்.

முன்பெல்லாம் குழந்தைகளிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பார் அம்மா. தெருவில் பறை அடிக்கும், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள், குழந்தைகள் அந்த வட்டத்துக்குள்ளேயே ஓடித் திரிவார்கள். பெண்கள் உரக்க அழுததில் அவர்கள் கொஞ்சம் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள், சுடுகாடு வரை போனவர்கள் ஆண்கள். முடிந்துவிட்டது என்பதைக் கண்ணால் பார்க்கும் உரிமை ஆண்களுக்கு, முடிந்துவிட்டதைக் குழந்தைக்குச் சொல்லும் பொறுப்பு பெண்களுக்கு. நானும் அக்காவின் முடிவைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், சில இரவுகளில் குழந்தைக்குச் சொன்ன பொய்யை நானே நம்பினேன். எங்களிடமிருந்து அதிகத் தொலைவில்லாத அண்ணாநகர் பக்கம், வேலங்காடு மயானத்தை 2014 முதல் பிரவீணா சாலமன் போன்ற பெண்கள் நின்று நிர்வகித்தார்கள். மிரட்டலையும் கேலியையும் தாண்டித்தான் அந்த வாசலில் நிற்க முடிந்தது. அந்த வாசல் எனக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை அக்கா இறந்த பிறகுதான் உணர்ந்தேன்.

மணிமேகலையில் அந்த வாசலுக்குப் போகும் ஒரு தாய் இருக்கிறாள். சிறுவன் சார்ங்கலன் புகாரின் சுடுகாட்டுக்குள் தெரியாமல் நுழைந்து, அங்கே கண்டதில் அஞ்சி ஓடிவந்து, தாயிடம் சொல்லிவிட்டு உயிர்விடுகிறான். கண் தெரியாத அந்தத் தாய் கோதமை, பிள்ளையின் உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு போய், என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைக் கொடு என்று சம்பாபதித் தெய்வத்திடம் வாதாடுகிறாள். தெய்வத்தால் முடியாது. முடியாது என்று அவள் நம்ப மறுப்பதால், அண்டத்துத் தெய்வங்களையெல்லாம் வரவழைத்து அவர்களாலும் முடியாது என்று காட்டுகிறது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது இதுதான். அவள் தாங்கமாட்டாள் என்று தெய்வம் முடிவு செய்யவில்லை. வருவான், கொஞ்சம் பொறு என்று சொல்லி அனுப்பவில்லை. நேரமெடுத்து, சாட்சிகளோடு சொன்னது.

அப்படியானால் எந்த ஆறுதலும் பொய்யா? கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று வாதிட்ட காண்ட்டின் பக்கம் நான் போகமாட்டேன். அவர் ஒரு குழந்தையைத் தூங்க வைத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருக்கலாம். ‘அம்மா சாமிகிட்ட இருக்கா’ என்று என் அம்மா சொல்வது வேறு வகை. பால் ஹாரிஸும் மார்ட்டா ஹிமெனெஸும் மாட்ரிட் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பை மருத்துவர் வாயிலாகச் சொன்ன கதையைக் கேட்டவர்கள் எல்லாம் நின்றுவிட்டது என்றும், பாதிரியார் வாயிலாகச் சொன்ன கதையைக் கேட்டவர்கள் ஏதோ தொடர்கிறது என்றும் சொல்லும் போக்கு தெரிந்தது. ஏழு வயதுக்காரர்களைவிடப் பதினொரு வயதுக்காரர்கள்தான் அதிகமாக ‘தொடர்கிறது’ என்றார்கள். இரண்டையும் மனம் ஒன்றாக வைத்துக்கொள்ளும். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சாமியிடம் இருப்பவள் ரயிலேறி வரமாட்டாள், அதனால் அந்தச் சொல் குழந்தையை வாசலில் காக்க வைப்பதில்லை. ‘ஊருக்கு’ என்ற சொல் காக்க வைக்கிறது. நான் எதிர்ப்பது அந்தக் காத்திருப்பைத்தான்.

அந்தக் காத்திருப்பால் யாருக்குப் பயன் என்பது இரண்டு மாதத்தில் புரிந்தது. அரசு அறிவித்த 3 லட்ச ரூபாய் உதவிக்கு விண்ணப்பம் எழுதிய அதே வாரம், பெரியப்பா இன்னொரு பேச்சை எடுத்தார். “குழந்தைக்கு ஒரு அம்மா வேணும். வெளியிலேர்ந்து வர்றவ எப்படி இருப்பாளோ. நீ இருக்கியேம்மா.” அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பா மறுபடி கட்டிக்கொண்டு வருபவளும் சித்தி. மொழி ஏற்கெனவே இடம் போட்டு வைத்திருந்தது. மாமா நல்லவர், தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்போதுதான் ‘ஊருக்குப் போயிருக்கா’ எதற்காக என்று எனக்குத் தெளிவானது. இறந்தவள் என்றால் ஓர் ஆள் இல்லாமல் போயிருக்கிறாள். ஊருக்குப் போனவள் என்றால் ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஆள் வந்தால் நிரம்பிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் இதை மீட்சி என்போம். 2024இல் உலகச் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 2019இன் அளவை எட்டிவிட்டது. வரைபடத்தில் கோடு பள்ளத்திலிருந்து ஏறி நிற்பதைப் பார்த்துக் கைதட்டினோம். இடைப்பட்ட ஆண்டுகளில் இறந்தவர்கள் அந்தக் கோட்டில் எங்கும் இல்லை. எண்ணிக்கைக்கு யார் வந்தாலும் சரி. ஓட்டல் அறைக்கு அது பொருந்தும். வீட்டில் ஒரு பெண்ணை அப்படி எண்ணத் தொடங்கியதால்தான், சமையலும் குழந்தையும் நின்றுபோகாமல் நடந்தால் அவள் இல்லாதது சரியாகிவிட்டதாக எண்ண முடிகிறது. அக்கா பாடும்போது சுருதி விலகும், சாம்பாரில் எப்போதும் பெருங்காயம் கூடிவிடும். என்னைக் கட்டி வைத்தால் இவை எப்படித் திரும்பும்? நான் மாட்டேன் என்றேன். அந்த வருத்தம் வீட்டில் இன்னும் தீரவில்லை.

குழந்தைக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான். திட்டமெல்லாம் இல்லை. மொட்டை மாடியில் ஓர் அணில் செத்துக் கிடந்தது. குச்சியால் தொட்டுப் பார்த்தாள்.

“இது எப்ப எழுந்துக்கும்?”

“எழுந்துக்காது. செத்துப் போச்சு.”

“பசிச்சா?”

“பசிக்காது. அதுக்கு இனிமே எதுவும் தெரியாது.”

கொஞ்ச நேரம் எறும்புகளைப் பார்த்தாள். “அம்மா?”

சொன்னேன். அம்மாவுக்கு ஜுரம் ரொம்ப அதிகமாகி உடம்பு நின்றுவிட்டது, செத்துப்போய்விட்டாள், வரமாட்டாள், அவளுக்கு வலிக்காது என்று. அவள் அழவில்லை. “அப்ப நீ பொய் சொன்னியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “ஆயாவும் சொல்லிச்சா?” ஆமாம். அன்று இரவுதான் அழுதாள், நெடுநேரம். என் அம்மாவும் முதல்முறையாகக் குழாயைத் திறக்காமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் நான் கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்றால் விடுவதில்லை, “எப்ப?” என்பாள். ஆறு மணிக்கு என்று ஒருமுறை சொல்லி, சி.டி.எச். ரோட்டு நெரிசலில் மாட்டி ஏழரைக்கு வந்த நாளில் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது இப்படிச் சொல்கிறேன்: “ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவுல. மழை பெஞ்சா எட்டு ஆகலாம்.” வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.