செய்த கைக்கு முதல் துண்டு

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902 ஜூனில். சிவனசமுத்திரத்தில் விழும் காவிரியின் வேகத்தை மின்சாரமாக்கி, சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தைக் கடத்துவது அன்றைய உலகில் அரிய காரியம். பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததே 1905-இல்தான். இந்தத் திட்டத்தை முன்னெடுத்த மைசூர் திவான் கே. சேஷாத்ரி ஐயர் 1901-இல் காலமானார். அது ஓடியதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. அந்த மின்சாரம் எதற்காக வந்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் இருந்த சுரங்கங்களின் இயந்திரங்களுக்காக வந்தது. தட்டி வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்களுக்காக வரவில்லை.

குளிர்ச்சியும் அதே வழியில்தான் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பூமிக்குள் போகப் போகப் பாறை சுடும். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. மேலேயிருந்து அனுப்பும் காற்றும் இறங்க இறங்க அழுத்தம் கூடிச் சூடேறிவிடும். அதனால் காற்றைக் குளிரவைத்துச் சுரங்கத்துக்குள் செலுத்தும் ஆலையை 1930-களின் இறுதியில் அமைத்தார்கள். உலகத்தில் வெகுசில சுரங்கங்களில் மட்டுமே அப்போது அந்த வசதி இருந்தது. வெந்து வியர்த்துக்கொண்டிருந்த மனிதனுக்கு அந்தக் காற்று ஆறுதல் தந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஆள் நின்றால்தான் வேலை நடக்கும், வேலை நடந்தால்தான் தங்கம் என்ற கணக்குத்தான் அதை உள்ளே அனுப்பியது.

இன்றைக்குத் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியில் ஒரு சமையலறையில் நிற்கும் ஃப்ரிட்ஜ் செய்வதும் அந்த ஆலை செய்த வேலையைத்தான். வாயுவை அழுத்தி, விரியவிட்டு, ஓரிடத்து வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறது. அந்தக் குளிர்ச்சியைக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமையிலோ கிறிஸ்துமஸ் வாரத்திலோ, ஒரு வீட்டில் ஐஸ்கிரீம் பை செய்கிறார்கள். உணவகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருப்பதைப் போலவே செய்கிறார்கள். அதைப் பற்றி உட்கார்ந்து யோசிப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இந்த ஊரில் குளிர்ச்சி வீட்டுக்காரர்களின் ஆசைக்காக வேலை செய்யத் தொடங்குவதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஐஸ்கிரீம் பை அமெரிக்க உணவகங்கள் பரப்பிய பண்டம். பிஸ்கட் தூளும் வெண்ணெயும் சேர்த்து அழுத்திய அடித்தட்டு, அதன்மேல் இரண்டு மூன்று அடுக்கு ஐஸ்கிரீம், மேலே கெட்டியான சாக்லேட் குழம்பு, கொஞ்சம் வறுத்த பருப்பு. மிசிசிப்பி ஆற்றுச் சேற்றின் பெயரால் அங்கே மட் பை என்று அழைப்பது இதன் புகழ்பெற்ற வடிவம். நம் பக்கத்தில் இந்த ருசியை ஊருக்குப் பழக்கியவை பெங்களூரின் ஐஸ்கிரீம் கடைகள். 1982-இல் தொடங்கிய கார்னர் ஹவுஸில் கேக்கும் ஐஸ்கிரீமும் சாக்லேட் குழம்பும் அடுக்கித் தருகிற டெத் பை சாக்லேட்டை ஒருமுறையாவது சாப்பிட வேண்டும் என்று தங்கவயல் பிள்ளைகள் பணம் சேர்த்து வைப்பது உண்டு.

வீட்டில் செய்வதற்கு அடுப்பின் உதவி மிகக் குறைவு. ஓவன் வேண்டவே வேண்டாம். 200 கிராம் பிஸ்கட்டை நைஸாகத் தூளாக்கி, 90 கிராம் வெண்ணெயை உருக்கிச் சேர்க்க வேண்டும். மாரி பிஸ்கட் என்றால் அது உலர்ந்தது, வெண்ணெய் இன்னும் கொஞ்சம் கேட்கும். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், அதுவே பதம். ஒன்பது அங்குலத் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, தூளைக் கொட்டி, தட்டையான அடிப்பாகம் உள்ள டம்ளரால் அழுத்தி, விளிம்புவரை ஏற்றிவிட்டு ஃப்ரீசரில் அரைமணி நேரம் வைத்தால் அடித்தட்டு இறுகிவிடும். பிறகு ஒரு லிட்டர் ஐஸ்கிரீமை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, கரண்டி இறங்கும் அளவுக்கு மட்டும் இளகவிட்டு, பாதியைப் பரப்பி, மறுபடி ஃப்ரீசர். அது கெட்டியானபின் அடுத்த பாதி. 100 கிராம் சாக்லேட்டை அதே அளவு சூடான கிரீமில் கரைத்து, முழுக்க ஆறவிட்டு மேலே ஊற்றி, நன்றாக உறையும்வரை விட வேண்டும். ஐஸ்கிரீம் வாங்கும்போது டப்பாவின் மேல் எழுதியிருப்பதையும் பார்க்க வேண்டும். ஃப்ரோஸன் டெசர்ட் என்று போட்டிருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். நாக்கில் கரைகிற விதம் வேறாக இருக்கும்.

செய்முறை இவ்வளவுதான். ஆனால் உணவகத்தில் வழவழவென்று இருப்பது வீட்டில் ஏன் நறநறவென்று ஆகிவிடுகிறது? இதைக் கேட்டுப் பதில் தெரிந்துகொள்கிற இடத்தில்தான் கைக்கு ஒரு பண்டம் வசப்படுகிறது.

ஐஸ்கிரீம் என்பது உறைந்த பால் மட்டுமல்ல. நுண்ணிய பனித்துகள், கொழுப்பு, உள்ளே அடைத்த காற்று, உறையாமல் நிற்கும் சர்க்கரைப் பாகு ஆகிய நான்கும் சேர்ந்தது அது. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் அதிலுள்ள தண்ணீர் முழுதும் உறைவதில்லை. பனித்துகள் சுமார் 50 மைக்ரானைத் தாண்டினால் நாக்கு அதை மணலாக உணரத் தொடங்கும். ஐஸ்கிரீம் முழுக்க உருகிவிட்டால் காற்று வெளியேறிவிடும். மறுபடி மெல்ல உறையும்போது, தண்ணீர் இருக்கிற துகள்களோடு ஒட்டி ஒட்டிப் பெரிதாகும். பெரிய உணவகங்கள் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே குளிர்க்காற்றை வீசும் பெட்டிகளில் சட்டென்று உறையவைப்பதால், துகள்கள் வளர அவகாசமே இருப்பதில்லை.

வீட்டில் அந்த வேகம் கிடையாது. அதனால் வீட்டுக்காரர் வேறு வழி தேடுகிறார். இளகவிடுகிறார், உருகவிடுவதில்லை. தட்டை முன்னாலேயே குளிரவைக்கிறார். ஒரே கனமாகக் கொட்டாமல் மெல்லிய அடுக்காகப் பரப்புகிறார், மெல்லியது சீக்கிரம் உறையும் என்பதால். ஃப்ரீசர் கதவை அடிக்கடி திறக்கவிடுவதில்லை. கரண்ட் போய்ப் போய் வருகிற நாளில் இந்த வேலையைத் தொடங்குவதே இல்லை. இல்லாத இயந்திரத்துக்கு ஈடாகக் காரணம் தெரிந்த கை நின்றுவிடுகிறது. கடையில் ஒரு துண்டு வாங்கினால் அதன் ருசி வீட்டுக்கு வரும். செய்து பார்த்தால் அதன் காரணமும் வந்து சேரும்; வந்தது திரும்பிப் போகாது.

இந்த ஊரில் இதைச் சொல்வதற்குத் தனியான அழுத்தம் உண்டு. 1880-களில் தொடங்கி 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும்வரை, இந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியேறியது. பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்களின் கைகள்தான் அதைத் தோண்டின. அந்தக் கைகளை நிர்வாகம் நம்பவில்லை. வேலைமுடிந்து வெளியே வருகிறவர்களைச் சோதனை போட்டார்கள். 1930-இல் எல்லோருடைய கைரேகையையும் பதிய வேண்டும் என்று கொண்டுவந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கத்தை எடுப்பதற்கு அந்தக் கை வேண்டியிருந்தது. அந்தக் கையோடு தங்கம் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்குச் சட்டமும் காவலும் இருந்தன. 1885-இல் தொடங்கிய கிளப்பில் ஆங்கிலேயருக்குப் பரிமாறப்பட்டதைச் சமைத்த கையும் இந்த ஊர்க் கையே. அங்கே செய்ததை அங்கே வைத்துவிட்டுத்தான் அது வீடு திரும்பியது.

ஆனால் சோதனையில் பிடிபடாத ஒன்று உண்டு, செய்யத் தெரிந்த அறிவு. துரை வீட்டுச் சமையலறையில் கற்றது தொழிலாளர் லைன் வீட்டு அடுப்புக்கு வந்தது. ஆங்கிலோ-இந்தியர் வீட்டுக் குல்குலும் ரோஸ் குக்கீயும் பிளம் கேக்கும் இன்று மதம் பார்க்காமல் தங்கவயல் முழுக்கத் தட்டுகளில் போகின்றன. எந்தக் காவலாளியாலும் மடியைத் தடவி அதை எடுத்துவிட முடிந்ததில்லை.

சுரங்கம் மூடியபின் ஊர் ரயிலேறியது. மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டி சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று, விடியுமுன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. அலுவலகம், ஆலை, மருத்துவமனை, கடை, உணவகம் என்று எல்லா இடத்திலும் தங்கவயல்காரர்கள் வேலை செய்கிறார்கள். இரவு திரும்பும்போது சம்பளத்தோடு, பார்த்துக் கற்ற வேலையும் கூடவே வருகிறது. தாத்தா காலத்தில் தட்டி வீடு இருந்த இடத்தில் இன்று பேத்தி சாக்லேட்டை எவ்வளவு ஆறவிட்டு ஊற்ற வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லித் தருகிறாள். “சூடா ஊத்தினா கீழ இருக்கறது இளகிடும்மா, விரல் வெச்சா சுடக் கூடாது” என்கிறாள். அம்மா விரல் வைத்துப் பார்க்கிறார். அந்தக் காட்சியில் ஒரு நீண்ட கணக்கு நேராவதாக எனக்குத் தோன்றுகிறது.

உணவகத்துக்கு இல்லாத ஒன்று வீட்டில் உண்டு, அது நேரம் என்று சொல்வார்கள். யாருடைய நேரம் என்றும் கேட்க வேண்டும். நாலு மணிக்கு எழுந்து ரயில் பிடிக்கிற பெண்ணுக்கு நேரம் எங்கே மிச்சமாக இருக்கிறது? ஐஸ்கிரீம் பையின் நல்ல குணம், அது தொடர்ச்சியான உழைப்பைக் கேட்பதில்லை என்பதுதான். அழுத்த ஐந்து நிமிடம், பரப்ப ஐந்து நிமிடம். நடுவில் உள்ள மணிகளை ஃப்ரீசர் பார்த்துக்கொள்ளும். சனிக்கிழமை இரவு அடித்தட்டும் முதல் அடுக்கும், ஞாயிறு காலை அடுத்தது, ஞாயிறு இரவு சாப்பாடு. துண்டு துண்டான ஓய்விலும் ஒரு முழுப் பண்டம் உருவாகிவிடுகிறது. ஆனாலும் அந்த நிமிடங்கள் ஒரு மனிதருடையவை. இரண்டு நாளும் அதை மனசில் வைத்துக்கொண்டு நடமாடியவர் ஒருவர்.

இங்கேதான் நான் தயங்கி நிற்கிறேன். வீட்டில் செய்தால் உழைப்பின் பலன் உழைத்தவருக்கே வந்துவிடும் என்று எளிதாக எழுதிவிடலாம். பை வெட்டும்போது நடப்பது அப்படி இல்லை. முதல் துண்டு எப்போதும் சிதையும். அடித்தட்டு தட்டோடு ஒட்டியிருக்கும், கத்தி நுழைய இடமிருக்காது, ஓரம் உடைந்து தூளாகும். அந்த உடைந்த துண்டை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்கத் தேவையில்லை. முழுத் துண்டுகள் விருந்தாளிக்கு, அப்பாவுக்கு, பிள்ளைகளுக்கு என்று போய்விடும். செய்தவர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, சிதைந்ததையும் தட்டில் வழிந்ததையும் நின்றபடியே சாப்பிடுவார். “எனக்கு இதே போதும்” என்பார். அதைத் தியாகம் என்று நாம் போற்றவும் செய்வோம்.

அதைப் போற்றுவதை நாம் நிறுத்த வேண்டும். தோண்டியவருக்குத் தங்கம் கிடையாது என்ற விதியும், செய்தவருக்கு உடைந்தது போதும் என்ற வழக்கமும் ஒரே வேரில் முளைத்தவை. முன்னதற்குக் கம்பெனியும் காவலும் வேண்டியிருந்தன. பின்னதற்கு அன்பின் பெயரே போதுமானதாக இருக்கிறது. அதனாலேயே இதைப் பார்ப்பது கடினம், சொல்வது அதைவிடக் கடினம். நூறு வருடத்துக்கும் மேலாக ஓர் அநீதியைச் சுமந்த ஊர், அதை வேறு உருவில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது மிகவும் சின்னது. பையை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். துணியைச் சூடான நீரில் நனைத்துப் பிழிந்து தட்டின் அடியில் கொஞ்ச நேரம் பிடித்தால் அடித்தட்டு விட்டுக்கொடுக்கும். கத்தியையும் சூடான நீரில் தோய்த்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி தோய்க்க வேண்டும். அப்படியும் முதல் துண்டு உடைந்தால் அதை எல்லோரும் ஆளுக்கொரு விள்ளலாகப் பகிர்ந்துகொள்ளலாம். உடையாமல் வருகிற முதல் முழுத் துண்டு செய்தவருக்கு. அவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மற்றவர்கள் அதற்குப் பிறகு.

ஓர் ஊர் பணக்கார ஊரா என்பதை அதன் மண்ணுக்கடியில் இருப்பது தீர்மானிப்பதில்லை. தங்கவயலைவிட அதை நன்றாக அறிந்த ஊர் இல்லை. செய்யத் தெரிந்தவர்கள் அங்கே எத்தனை பேர், செய்தது முதலில் யாருடைய தட்டுக்குப் போகிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. முதலாவதை இந்த மக்கள் சோதனைக்கும் பசிக்கும் இடையே தாங்களாகவே சம்பாதித்துவிட்டார்கள். இரண்டாவதற்கு எந்தக் கம்பெனியின் அனுமதியும் எந்த அரசின் ஆணையும் தேவையில்லை. இன்றிரவே, நம் வீட்டிலேயே, கத்தியைக் கையில் பிடித்திருப்பவர் நினைத்தால் போதும்.